வயிற்றை விட்டுப் போகாத எறும்பு

அந்தக் காலத்தில் எறும்பு பேசும், மாடு பேசும், வேப்பமரம்கூட முணுமுணுக்கும். மனுசர்கள்தான் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்கவே அவர்களுக்குப் பொழுது சரியாக இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மலையடிவாரத்தில் நாற்பது குடிசை சேர்ந்து ஒரு ஊர் இருந்தது. ஊருக்குப் பெயர் வைக்கிற வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை. அதனால் பெயரைக் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.

அப்போதெல்லாம் எந்தப் பிள்ளையும் வெறும் வயிற்றோடு பிறக்காது. உள்ளே ஒரு சித்தெறும்பு குடியிருக்கும். அதற்கு ஒரே ஒரு வேலைதான். பாலில் இருக்கிற இனிப்பு சாதாரண இனிப்பு இல்லை, இரண்டு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இனிப்பு. ஒட்டினது ஒட்டினபடி உள்ளே போனால் வயிறு அதைத் தொடாது. அது அப்படியே குடலுக்குள் இறங்கி, நுரைத்து, பொங்கி, கடமுடவென்று உருண்டு, ஆளைப் புதர் மறைவு தேடி ஓடவிட்டுவிடும். சித்தெறும்பு அந்த மணிகளை நடுவில் கடித்து இரண்டாக்கிப் போடும். கடிக்கும்போது உதிர்கிற தூள் அதற்குக் கூலி. பிள்ளைக்கும் பால் செரிக்கும், எறும்புக்கும் பிழைப்பு நடக்கும்.

பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்ததும் பால் மறக்கடிப்பார்கள். தாய் வேப்பிலையை மை மாதிரி அரைத்து வைக்க வேண்டும். பிள்ளையின் அத்தை, அதாவது அப்பனோடு கூடப் பிறந்தவள், அதைத் தொட்டுத் தாயின் மார்பில் தடவ வேண்டும். பிள்ளை ஆசையாக வாய் வைக்கும். கசக்கும். வீரிட்டு அழும். அந்தக் கசப்புதான் எறும்புக்கு உத்தரவு. 'சரி, இங்கே வேலை முடிந்தது' என்று அழுகிற வாய் வழியாக வெளியே வந்து, அடுத்த பிள்ளை எங்கே பிறக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

உலகம் முழுக்க இதே நடைமுறைதான். வேம்பு இல்லாத சீமையில் வேறு ஏதாவது கசப்பு. ஆகையால் பல் முளைத்து ஓடியாடுகிற வயசுக்கு மேலே யாரும் பால் குடித்ததில்லை. மாடு வளர்த்தார்கள், உழவுக்கும் எருவுக்கும் வளர்த்தார்கள். பால் கன்றுக்குட்டிக்கு. வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் பால் கேட்டால் ஊரே மூக்கில் விரல் வைத்திருக்கும்.

அந்த ஊரில் பூவாயி என்று ஒருத்தி. புருசன் பெயர் சடையன், வாயில்லாப் பூச்சி. ஒரே பெண்பிள்ளை, சிட்டு. ஒரே மாடு, மயிலை. சடையனுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள், இருளாயி. ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் முதல் எல்லோரும் அவளுக்குப் பயப்படுவார்கள். அத்தை இல்லாத பிள்ளைகளுக்கும் அவளையே அத்தையாகக் கூப்பிட்டு வேம்பு தடவச் சொல்வார்கள். இதுவரை முப்பத்துமூன்று பிள்ளைகளுக்குத் தடவியிருந்தாள், ஒன்றுகூடத் திரும்பிப் பால் கேட்டதில்லை. முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. பூவாயி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மதினி எதிரே வந்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நிற்பாள்.

சிட்டு பிறந்த வருசம் மழை பொய்த்தது. அடுத்த வருசமும் பொய்த்தது. மூன்றாம் வருசம் வானத்தைப் பார்ப்பதையே ஊர் விட்டுவிட்டது. தினையும் சாமையும் தீர்ந்தன. கிழங்கு தோண்டித் தோண்டிக் காடே பள்ளமாகிப் போனது. சாப்பாடு இல்லாத உடம்பில் பால் எங்கிருந்து ஊறும்? பூவாயிக்கு மார்பு வற்றிப்போனது. சிட்டு வெறும் மார்பைச் சப்பிச் சப்பி அழுததைப் பார்த்து அவளும் அழுதாள்.

தொழுவத்திலிருந்து மயிலை கேட்டது, "ஏண்டி, ஆத்தாளும் மகளும் இப்படி அழுறீங்க? நான் ஒருத்தி இங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

மயிலைக்கு வாய் நீளம், மனசும் அப்படித்தான். மனுசன் தின்னவே முடியாத வேலங்காயையும் காய்ந்த கோரையையும் தின்றுவிட்டு அது பாலாகக் கறந்துகொண்டிருந்தது. கன்று வளர்ந்து புல் மேயத் தொடங்கிவிட்டதால் மடி கனத்து நின்றது. பூவாயி ஒரு கொட்டாங்குச்சியில் பால் பீய்ச்சிச் சிட்டுக்குக் கொடுத்தாள். சிட்டு மடக் மடக்கென்று குடித்தாள், ஏப்பம் விட்டாள், தூங்கிப் போனாள். வயிற்றில் எறும்பு இருந்ததே. அதற்குத் தாய்ப்பால் இனிப்பும் மாட்டுப்பால் இனிப்பும் ஒன்றுதான், கடிக்க வேண்டியது கடித்தது.

செய்தி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அன்று சாயங்காலமே நாற்பது குடிசையும், கறக்கிற மாடு வைத்திருந்தவர்கள் மாட்டையும் ஓட்டிக்கொண்டு, பூவாயியின் தொழுவத்துக்கு வந்துவிட்டது. வெட்கத்தையெல்லாம் பசி தின்று வெகுநாளாயிற்று. பெரியவர், சின்னவர், சடையன் எல்லோரும் வயிறு முட்டக் குடித்தார்கள். "இத்தனை நாளா இதை விட்டுட்டோமே" என்று சடையன் மீசையைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயிறு கடமுடவென்றது. பதில் சொல்வது போல் இன்னொன்று. அதற்கப்புறம் அந்த ஊரில் ஒரு புதர் காலியாக இருக்கவில்லை. சடையன் போய்விட்டு வந்து உட்காருவான், உட்கார்ந்த வேகத்தில் மறுபடி எழுந்து ஓடுவான்.

மயிலைக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பாலைக் குடிச்சுட்டா ஓடுறீங்க? என் கன்னு ஒரு நாளாவது இப்படி ஓடியிருக்கா?"

"கோவிச்சுக்காத ஆத்தா," என்றான் சடையன், வேலியைப் பிடித்துக்கொண்டு. "உன் பாலு நல்ல பாலுதான். எங்க வயித்துலதான் ஆளில்ல."

அப்போதுதான் எல்லோருக்கும் விசயம் உறைத்தது. எறும்பு இருக்கிற வயிற்றுக்குத்தான் பால். பால் மறந்த வயிற்றுக்கு அது ஆகாது.

இதிலே ஒரு துயரமும் நடந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் வீரணன் மகன் கொம்பனுக்கு இரண்டு வயது நிறைந்து, இருளாயி தன் கையால் வேம்பு தடவியிருந்தாள். எறும்பு போய்விட்டது. தினைக்கஞ்சிக்கு வழியில்லை, மாட்டுப்பாலும் தங்கவில்லை, குடித்தால் குடித்தபடி போனது. பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டான். வீரணனும் பெண்டாட்டியும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே கிளம்பினார்கள். ஆறு போகிற வழியே போனால் கடல் வருமாம், கடலில் மீன் கிடைக்குமாம் என்று கேள்விப்பட்ட நம்பிக்கையில் கிளம்பினார்கள். ஊர் எல்லை வரை இருளாயி கூடவே போனாள். திரும்பி வந்தவள் யாரிடமும் பேசவில்லை. 'மதினிக்கு இன்னும் என்ன கோபமோ' என்றுதான் பூவாயி நினைத்தாள்.

இந்த நிலைமையில் சிட்டுவுக்கும் இரண்டு வயது நிறைந்தது.

பூவாயி வாயைத் திறக்காமல் இருந்தாள். நாலு நாள் போனால் யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது என்று நினைத்தாள். ஆனால் ஊருக்கு வேறு வேலை ஏது? பிள்ளைகளின் வயசை எண்ணுவதுதான் வேலை. பெரிய வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"தாயி, மழை இல்லாததுக்கு என்ன காரணம்னு ஊரு யோசிக்குது. இருக்கிற முறையையும் நாம விட்டோம்னா, வரப்போற மழையும் வராது. நாளை மறுநாள் உன் மகளுக்குப் பால் மறக்கடிச்சிரணும்."

"மறக்கடிச்சா எம்பிள்ள எதைத் தின்னும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேம்பு தடவினால் எறும்பு போகும். எறும்பு போனால் மயிலையின் பால் ஆகாது. அதைத் தவிர பிள்ளைக்குக் கொடுக்க அந்த வீட்டில் ஒரு பிடி தானியம் இல்லை. கொம்பனையாவது தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். சடையனுக்கு இப்போது நடக்கவே தெம்பில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் சிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பூவாயி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கீழுதட்டில் ஏதோ அசைந்தது. பார்த்தால் சித்தெறும்பு. காற்று வாங்க வெளியே வந்து, முன்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பூவாயி குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏத்தா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"வேகமா கேளு. உள்ள நிறைய வேலை கிடக்கு. உன் மாட்டுப் பாலுல இனிப்பு கெட்டியா இருக்கு."

"நாளைக்கு வேம்பு தடவப் போறாங்க. நீ போகாம இருந்துக்கிறியா? எம்பிள்ளைக்கு உன்னை விட்டா வேற கதியில்ல."

எறும்பு முகம் துடைப்பதை நிறுத்தியது. "அதெப்படி? கசப்பு வந்தா கிளம்பணும். அது எங்க ராணி போட்ட சட்டம். அந்தக் கசப்பு என் வாயில பட்டுச்சுன்னா, இருன்னு நீ காலைப் பிடிச்சாலும் என்னால இருக்க முடியாது."

"நீ போகலைன்னா அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு எறும்பு இல்லாம போயிருமோ?"

"யார் சொன்னா? எங்க ராணிக்கு முட்டை வைக்கிறதைத் தவிர வேற என்ன சோலி? இந்தப் பஞ்சத்துல பிள்ளை பிறக்கிறது குறைஞ்சுபோய், எங்காளுங்க பாதிப்பேர் வேலையில்லாம ஊரைச் சுத்துறாங்க."

பூவாயி விசிறியைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "கசப்பு வந்தா போகணும். சரி. கசப்பே வரலைன்னா?"

எறும்பு தலையைச் சொறிந்தது. இப்படி ஒரு கேள்வியை அதனிடம் யாரும் கேட்டதில்லை. "வரலைன்னா என்னைப் போகச் சொல்ல ஆளில்ல," என்றது கடைசியில். "ஆனா ஒண்ணு. நான் இருந்தா தினமும் பால் வரணும். வராத அன்னைக்கு நான் பட்டினி. இவ வளர்ந்து இவளுக்குப் பிள்ளை பிறந்தா, என் மக அந்தப் பிள்ளை வயித்துக்குப் போவா. கசப்புன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது. அப்புறம் வேம்பை மரத்தோட அரைச்சு ஊத்தினாலும் அவ நகர மாட்டா. உங்க வம்சம் தலைமுறை தலைமுறையா எங்களைக் கட்டி மேய்க்கணும். சம்மதமா?"

"மாடு இருக்கிற வரைக்கும் பால் இருக்கும். எங்க வம்சம் மாட்டை விடாது," என்றாள் பூவாயி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. எறும்பு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனது.

இனி கசப்பு வராமல் பார்க்க வேண்டும். அரைக்கிறது தாய்தான், அதுவரைக்கும் நல்லது. கொல்லையில் முருங்கை மரம் ஒன்று நின்றது. ஊரே ஒடித்து ஒடித்துத் தின்று அதை மொட்டையாக்கி வைத்திருந்தது. உச்சிக் கொம்பில் மட்டும் கைக்கு எட்டாமல் ஒரு பிடி கொழுந்து மிச்சமிருந்தது. பூவாயி மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை. கொழுந்தைப் பறித்து இறங்கியவள் ஒரு இலையைக்கூட வாயில் போடாமல், மொத்தத்தையும் அம்மியில் வைத்து வழுவழுவென்று அரைத்தாள். பச்சைப் பசேலென்று பார்வைக்கு வேம்பே அதனிடம் தோற்றுப்போகும். வாசனை வர வேண்டுமே என்று அம்மியைச் சுற்றி நாலு வேப்பங்கொத்தை ஒடித்துப் போட்டு வைத்தாள். கெட்டிக்காரிதான், என்ன செய்வது, ஒன்றை மறந்துவிட்டாள்.

மறுநாள் வாசலில் ஊர் கூடியது. சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு பூவாயி பலகையில் உட்கார்ந்தாள். இருளாயி வந்தாள். வற்றி, கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் நடையில் அந்த மிடுக்கு குறையவில்லை. எதிரே உட்கார்ந்து, சட்டியிலிருந்த விழுதை விரலில் தொட்டாள். தொட்ட விரலை மார்புப் பக்கம் கொண்டுவராமல் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

பூவாயிக்கு உயிரே போய்விட்டது. பெற்றவள் மனசு இளகி வேம்பைக் குறைத்துவிடுவாள் என்பதற்காகத்தான் அந்த முறையே வைத்திருந்தார்கள். அத்தைக்காரி முதலில் தன் நாக்கில் வைத்துக் கசப்புப் பார்த்து, 'கசக்குது' என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தடவ வேண்டும். பூவாயி முதல் பிள்ளைக்காரி. மற்ற வீட்டுச் சடங்குகளைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தலைகளுக்கு நடுவே பார்த்தவள். வேம்பையும் எறும்பையும் நினைத்த மும்முரத்தில் இந்த நாக்கை நினைக்காமல் விட்டுவிட்டாள்.

இருளாயி விரலை நாக்கில் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. முப்பத்துமூன்று தடவை வேம்பு பார்த்த நாக்கு அது, அதை ஏமாற்ற முடியுமா? பூவாயியை நிமிர்ந்து பார்த்தாள். பூவாயி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். இருளாயி பார்வை இறங்கிச் சிட்டுவின் மேல் வந்து நின்றது. கொழுகொழுவென்று சொல்ல முடியாது, ஆனாலும் பஞ்சம் பிடித்த அந்த ஊரில் கன்னத்தில் சதை இருந்த பிள்ளை அது ஒன்றுதான். அது அத்தையைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன இருளாயி, கசக்குதா?" என்று பெரிய வீட்டுக்காரர் கேட்டார்.

இருளாயியின் முகம் கோணியது. கண்ணை இறுக்கி மூடினாள், உதட்டைப் பிதுக்கினாள், பக்கத்தில் துப்பினாள்.

"ஆத்தாடி, என்னா கசப்பு," என்றாள். "இந்த மாதிரிக் கசப்பை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. தொண்டை வரைக்கும் இறங்குது. இவ மரத்துப் பட்டையையும் சேர்த்து அரைச்சிருக்கா."

சொல்லிவிட்டு விழுதை எடுத்து அப்பிவிட்டாள். சிட்டு வாய் வைத்தாள். முருங்கைக்கீரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சப்புக்கொட்டத் தொடங்கினாள். கூட்டத்தில் ஒருத்தி, "என்னடி, பிள்ளை அழக் காணோம்?" என்றாள். பிள்ளை வீரிட்டால்தானே சடங்கு முடிந்த கணக்கு. இருளாயிதான் பிள்ளையைத் தூக்குகிறவள் போலக் குனிந்து, சேலை மறைவில் அதன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சிட்டு போட்ட சத்தத்தில் தொழுவத்திலிருந்த மயிலைகூட எட்டிப் பார்த்தது.

உள்ளே இருந்த எறும்பும் எட்டிப் பார்த்தது. நாக்கின் நுனி வரை வந்து, ருசி பார்த்து, 'கசப்பு இல்லையே, பிறகு எதற்கு இந்தக் கூப்பாடு' என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. போனது போனதுதான், அப்புறம் அது வெளியே வரவே இல்லை.

"மறந்தாச்சு," என்று இருளாயி ஊருக்குச் சொன்னாள். எழுந்து, சேலையை உதறி, யாரையும் பார்க்காமல் தன் குடிசைக்கு நடந்தாள்.

சிட்டு பிழைத்துக்கொண்டாள். காலையில் ஒரு கொட்டாங்குச்சி, மாலையில் ஒரு கொட்டாங்குச்சி. ஊருக்கு முன்னால் கொடுக்க முடியாது என்பதால் தொழுவத்துக்குள் வைத்துக் கொடுத்தாள் பூவாயி. யார் வந்தாலும் மயிலை வாசலை மறித்துக்கொண்டு நின்று, "உள்ள மனுசருக்கு என்ன வேலை?" என்று விரட்டியது.

சரி, மற்றவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்பீர்கள். அங்கேதான் வேலையில்லாமல் சுற்றிய எறும்புகள் வருகின்றன. ஒரு நாள் பூவாயி மிச்சப் பாலைச் சட்டியில் மூட மறந்துவிட்டாள். பசியோடு அலைந்த சித்தெறும்புகளுக்குப் பால் வாசனை விட்டுவைக்குமா? திபுதிபுவென்று உள்ளே இறங்கி, வயிற்றில் செய்ய வேண்டிய வேலையைச் சட்டியிலேயே செய்துவிட்டன. விடிந்து பார்த்தால் பால் கட்டியாக உறைந்து புளித்துக் கிடந்தது. "என் பாலைக் கெடுத்துட்டியேடி" என்று மயிலை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தது.

அந்த நேரம் பார்த்து இருளாயி வந்தாள். பசி கண்ணை அடைத்த நிலை. நிற்க முடியாமல் தொழுவத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பூவாயிக்குப் பொறுக்கவில்லை. "மதினி, கெட்டுப்போன பாலுதான் இருக்கு, வயித்தைப் புரட்டும்," என்றாள்.

"புரட்டட்டும். வெறும் வயிறு புரட்டுறதுக்கு இது மேல்," என்று இருளாயி சட்டியோடு வாங்கிக் குடித்தாள்.

குடித்துவிட்டுப் புதருக்குப் பக்கத்திலேயே முன்ஜாக்கிரதையாக உட்கார்ந்தாள். சடையனும் வந்து எட்ட உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. வயிறு ஒரு சத்தம் போடவில்லை. இருளாயி எழுந்தாள். "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

அன்று முதல் அந்த ஊரே புளித்த பாலில் உயிர் வாழ்ந்தது. தண்ணீர் ஊற்றிக் கடைந்தால் ஒரு சட்டி பத்துச் சட்டியானது. ஒரு கரண்டியை மிச்சம் வைத்து அடுத்த சட்டிப் பாலில் ஊற்றினால் எறும்புகள் அதிலே குடியேறின. உறை ஊற்றுகிறோமே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப் பொடியாக அந்த எறும்புகள் இன்னும் அதில் இருக்கின்றன. நாலு மாதம் கழித்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஊர் முறை தவறாததால்தான் மழை வந்தது என்று பெரிய வீட்டுக்காரர் சொன்னார். இருளாயி அதைக் கேட்டுக்கொண்டே மோர் கடைந்தாள்.

கிழக்கே போன வீரணனிடமிருந்தும் சேதி வந்தது. கொம்பன் மீனும் நெல்லுச்சோறும் தின்று மதயானை மாதிரி திரிகிறானாம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் இருளாயி சிரித்ததைப் பூவாயி முதல்முதலாகப் பார்த்தாள். மதினியின் அத்தனை நாள் மௌனமும் கோபம் இல்லை, தன் கையால் வேம்பு தடவிய பிள்ளை செத்துப்போய்விடுமோ என்ற பயம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஊர் பெருகியது. நாற்பது குடிசைக்குள் அடங்காமல் ஜனம் நாலாதிசையும் கிளம்பியது. கிளம்புகிற ஒவ்வொரு கூட்டத்துப் பெண்களையும் இருளாயி கூப்பிட்டுக் கேட்பாள்.

"போற இடத்துல என்ன கிடைக்கும்?"

"நெல்லு விளையுமாம், மீன் கிடைக்குமாம் அத்தை."

"அப்ப நல்ல வேம்பா பார்த்து அரைங்க. பிள்ளைங்க வயித்துல எறும்பைக் கட்டிவைக்க வேண்டியதில்ல." அவர்கள் கிழக்கே போனார்கள், கடல் தாண்டியும் போனார்கள்.

வேறு கூட்டம் வரும். "எங்களுக்கு மாட்டைத் தவிர ஒண்ணும் இல்ல அத்தை. வடக்கே குளிர் நாடாம், வருசத்துல பாதி நாள் புல்லுகூட முளைக்காதாம்." மேற்கே மணல் காட்டுக்கு ஒட்டகத்தோடு போகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

இருளாயி கொஞ்ச நேரம் அந்தப் பெண்களின் இடுப்பிலிருக்கிற பிள்ளைகளைப் பார்ப்பாள். "அந்தப் பக்கத்து வேம்பு வேற மாதிரி இருக்கும்," என்பாள். "அரைக்கிறவளுக்குப் பச்சையாத் தெரியும். அத்தைக்காரி நாக்குக்குக் கண்டிப்பா கசக்கும். கசக்குதுன்னு ஊருக்குக் கேக்கிற மாதிரி சொல்லணும்." புரிந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். புரியாதவர்கள் தயிர்ச் சட்டியோடு போனார்கள்.

ஊரிலேயே தங்கியவர்களிடம் இரண்டும் கலந்து கிடந்தது. ஒரு வீட்டில் நிஜ வேம்பு, பக்கத்து வீட்டில் முருங்கை. இரண்டு வீடும் சம்பந்தம் செய்துகொண்டதில் இன்னும் கலந்து போனது. அதனால்தான் நம் பக்கத்தில் ஒரே வீட்டில் அண்ணன் சொம்புப் பாலைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வான், தம்பி அரை டம்ளரில் வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அவனுக்கு அம்மா மோரைக் கரைத்துக் கொடுப்பாள்.

சிட்டுவுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம், பூவாயி மதினிக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். இருளாயிக்கு முடியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. இத்தனை வருசமாகக் கேட்காமல் வைத்திருந்ததைப் பூவாயி அன்று கேட்டுவிட்டாள்.

"மதினி, அன்னைக்கு அந்த விழுது."

"எந்த விழுது?"

"சிட்டுக்குப் பால் மறக்கடிச்சீங்களே, அந்த வேம்பு. அது…"

"வேம்பு கசந்துச்சு," என்றாள் இருளாயி திரும்பிப் பார்க்காமல். "கசக்காம பின்ன என்ன செய்யும்? நான்தான் ஊருக்கே சொன்னேனே. இழுத்துச் சீவு, சிக்கு அப்படியே இருக்கு."

பூவாயி சீப்பைக் கீழே வைத்துவிட்டு, மதினியின் வெள்ளைத் தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். இருளாயி திட்டவில்லை. சாகிற வரைக்கும் அவள் அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் வம்சத்து அத்தை பொய் சொல்ல வேண்டிய அவசியம் வராத அளவுக்கு அவள் போய்ச் சேர்ந்த ஊரில் சோறு இருந்தது. ஒத்துக்கொண்டால் அதற்காக நெஞ்சை நிமிர்த்தவும் வேண்டாம். இருளாயி முகத்தைக் கோணலாக்கித் துப்பிய அந்த நாள் தொட்டுத்தான், எந்த வம்சத்தில் ஒரு அத்தைக்காரி கூடப் பிறந்தவன் பிள்ளை பிழைக்கட்டும் என்று ஊர் நடுவே பொய் சொன்னாளோ, அந்த வம்சத்துக்குக் கிழடு தட்டிய பிறகும் பால் செரிக்கிறது.